நாலு நாள், ஒரு கார்: ராமேஸ்வரமா, டெல்டாவா, தென்கோடியா?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். குடியரசு தினம் வார இறுதியை ஒட்டி வந்தால், ஒரு நாள் லீவு போட்டு வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள் தேற்றிவிடலாம். கையில் இருப்பது ஒரு சின்ன கார். அதில் நாங்கள் நாலு பேர். அம்மாவுக்குக் கோயில் வேண்டும். ஆனால் முட்டி வலி, அரை மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்க முடியாது. எட்டாவது படிக்கும் மகளுக்குக் கடல் வேண்டும். மனைவிக்குப் பச்சை வயலும், கூட்டம் மொய்க்காத ஓர் ஊரும் வேண்டும். ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரே நிபந்தனைதான்: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிக்க மாட்டேன். கிளம்புவது மதுரை, திரும்புவதும் மதுரை.

கடலும் வேண்டும் வயலும் வேண்டும் என்றால் மதுரைக்காரர்களுக்கு மூன்று சுற்று இருக்கிறது. ஒன்று, ராமேஸ்வரம் போய் தனுஷ்கோடி பார்த்து, தொண்டி, காரைக்குடி வழியாகத் திரும்புவது. இரண்டாவது, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கடலோரமாகவே கோடியக்கரை வரை இறங்குவது. மூன்றாவது, தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு என்று தெற்கே போய் கன்னியாகுமரியைத் தொட்டு நாகர்கோவில் வழியாக வருவது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் ஓட்டியிருக்கிறேன். கேரளத்து வர்க்கலை வரை போகலாமே என்று மச்சான் ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அழகான ஊர்தான். ஆனால் களியக்காவிளையைத் தாண்டியதும் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத ஒரே கடைவீதியாகப் போகும். நாலு நாளில் ஒரு நாளை அந்த நெரிசலுக்கே கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நானே முதல் முறை அதில் ஏமாந்தவன். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டதும், ஜன்னலை இறக்கினால் கடல் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். தெரியாது. பெரும்பாலான தூரத்துக்குச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே உப்பளமோ, சவுக்குத் தோப்போ, பனங்காடோ, சீமைக்கருவேலங்காடோ இருக்கும். கடல் வேண்டுமென்றால் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, மீனவர் ஊருக்குள் போகும் தெருவில், கோயிலையும் ஐஸ் கம்பெனியையும் தாண்டி, வலை காயும் இடம் வரை போக வேண்டும். அதனால் எந்த ரோட்டில் கடல் அதிகம் என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை இடத்தில் இறங்கலாம், இறங்கினால் என்ன கிடைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். நான் மூன்று சுற்றையும் அப்படித்தான் எடை போடுகிறேன்.

இந்த விதிக்கு ஒரே விலக்கு தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் அந்தக் கடைசி ஒன்பதரை கிலோமீட்டர், 2017ல் திறந்தது. அதற்கு முன்பு மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். இப்போது சொந்தக் காரிலேயே, இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா என்று, இரண்டு கடலுக்கு நடுவே ஓட்டலாம். ஒரு பக்கம் குளம்போல் அடங்கிக் கிடக்கும், மறுபக்கம் இரைந்துகொண்டே இருக்கும். அமைதியானதைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ரயிலும் போன இடம் அது. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்துவிட்டு மகள் வெகுநேரம் பேசவில்லை. தமிழ்நாட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ஓட்ட வேண்டிய சாலை இது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சரி, அப்படியானால் ராமேஸ்வரத்துக்கே போய்விடலாமே? போகலாம், இரண்டு நாள் இருந்தால். மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர்தான். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் 1914ல் கட்டிய பழைய ரயில் பாலமும், 2025ல் திறந்த புதிய தூக்குப் பாலமும் கூடவே வரும். பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்கிறவர்களால் எப்போதும் ஒரு சின்ன நெரிசல் இருக்கும். அவர்களைத் திட்டிக்கொண்டே நாமும் ஒரு நொடி மெதுவாகத்தான் போவோம். ஆனால் தனுஷ்கோடி, பாம்பன் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். சாயங்காலத்துக்குப் பிறகு தனுஷ்கோடிப் பக்கம் விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் போய்விட வேண்டும். மற்ற நேரம் முழுக்கக் கோயில். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு வந்து, மாற்றி, தரிசனத்துக்கு நின்றால் அரை நாள் போய்விடும். அம்மாவின் முட்டிக்கு அந்த ஈரப் படிக்கட்டுகள் நல்லதல்ல. தை அமாவாசையை ஒட்டி என்றால் ஊருக்குள் கார் நுழைவதே பெரிய பாடு.

இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்தது திரும்பி வரும் வழி, அதை யாரும் பேசுவதில்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கே நேராகத் திரும்பாமல் ஆர்.எஸ்.மங்கலம், தேவகோட்டை வழியாக வந்து பாருங்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்களே, அது ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்தான். நல்ல மழை பெய்த ஆண்டின் தை மாதத்தில், வறண்ட சீமை என்று பேரெடுத்த மண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் நம்பவே முடியாது. கடலோரமாகப் போனால் தொண்டிக்கு முன்னால் காரங்காட்டில் வனத்துறையின் படகு உண்டு, அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். கீழக்கரைக்குள் நுழைந்தால் தொதல் என்ற இனிப்பை வாங்காமல் வரக்கூடாது. ஆனால் ‘பச்சை வயல்’ என்று என் மனைவி கேட்பது இங்கே கிடைக்காது. இது பனையும் கருவேலமும் மிளகாய்க் காடும் உள்ள நிலம். அந்த அழகு வேறு மாதிரி; எனக்குப் புரிகிறது, வீட்டில் ஓட்டுக்கு விட்டால் தோற்றுவிடுகிறது.

டெல்டாவுக்கு வருவோம். சோழ வளநாடு சோறுடைத்து என்று சும்மா சொல்லவில்லை என்பது தஞ்சாவூரைத் தாண்டியதும் தெரியும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு பாலம் வரும். ஒவ்வொரு பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சம்பா வயல். மார்கழி வரை பச்சை. தை பாதியில் பொன்னிறமாகி அறுப்பு தொடங்கிவிடும். அதனால் ஜனவரி கடைசியில் போகிறவர்கள் பச்சையை எதிர்பார்க்காமல் போவது நல்லது. பாதி வயல் தாள்தான் நிற்கும். ஆனால் அறுப்புக் காலத்துக்கென்று ஒரு வாசம் இருக்கிறது, புதுவைக்கோல் வாசம். அதற்காகவே கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம்.

ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு சிக்கலும் உண்டு. உள்ரோடுகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்து, நெல் மேல் வண்டி ஏறாமல் காவல் இருப்பார்கள். எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு அறுப்பு மிஷின் வரும். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். யார் மேலும் குற்றமில்லை, அது அவர்கள் பிழைப்பு நடக்கும் நேரம். நாம்தான் ஊர் சுற்ற வந்தவர்கள். ஆனால் வரைபடம் ‘ஒரு மணி நேரம்’ என்று காட்டும் தூரத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். சராசரி வேகம் நாற்பதைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

இந்தச் சுற்றின் ரத்தினம் தரங்கம்பாடி. பெரிய கடற்கரை ஊர்களுக்கெல்லாம் போய்ச் சலித்தவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும். நகர வாசல் ஒன்று இருக்கிறது. அதற்குள் கார் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடும். நேராகப் போனால் கடல், அதைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1706ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் கட்டிய 1718ஆம் ஆண்டுத் தேவாலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. 1845ல் மொத்த ஊரையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், கடல் முன்புறத்தைத் தின்றுவிட்டுப் போன நிலையில் நிற்கிறது. அம்மாவுக்குக் கோயில், மகளுக்குக் கடல், மனைவிக்கு அமைதி, எனக்குச் சரித்திரம் எல்லாமே கால் மணி நேர நடைக்குள். தங்கும் இடங்கள்தான் குறைவு. விடுமுறை நாளில் முன்கூட்டிப் பதியாமல் போனால் காரைக்காலில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

அதற்குத் தெற்கே காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் ஒன்றுக்கொன்று இருபது கிலோமீட்டருக்குள். நாகூர் தர்காவின் பெரிய மினாரை, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக்கொடுத்தார். வேளாங்கண்ணியில் எந்த நாளும் கூட்டம்தான். அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேதாரண்யத்துக்கு இறங்கும்போது நிலம் மாறத் தொடங்கும், உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரியும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பள்ளிய இடம் இதுதான். அகஸ்தியன்பள்ளியில் நினைவுத் தூண் நிற்கிறது. கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான் கூட்டம் அருகிலேயே தெரியும். பூநாரை அப்படியல்ல. சதுப்பில் தூரத்தில் ஒரு வெளிர் ரோஜாக் கோடாகத் தெரியும், தொலைநோக்கி இல்லாமல் போனால் ‘அதான் பூநாரையா?’ என்ற கேள்வியோடு திரும்ப வேண்டியதுதான். இது என் மகள் சொன்னது. திரும்பும் வழியில் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைக் கவனியுங்கள். 2018 கஜா புயலில் விழுந்த தோப்புகளின் இடத்தில் நட்ட இளங்கன்றுகள் இப்போதுதான் தலை தூக்குகின்றன.

டெல்டாவின் குறை என்னவென்றால், ரசித்ததெல்லாம் சுற்றின் தூரத்து முனையில் இருக்கிறது. முதல் நாள் முழுக்கவும் கடைசி நாள் முழுக்கவும் அங்கே போய்ச் சேர்வதற்கும் திரும்புவதற்குமே சரியாக இருக்கும். நடுவில் கும்பகோணம் வேறு. ஒரு டிகிரி காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நுழைந்தால், அம்மா ஒவ்வொரு கோபுரத்தையும் பார்த்து ‘இங்க ஒரு நிமிஷம்’ என்பார். அந்த ஒரு நிமிஷங்களைக் கூட்டினால் ஒரு நாள். டெல்டாவுக்கு ஆறு நாள் வேண்டும் என்பது என் கணக்கு.

தெற்குச் சுற்றைக் கடைசியாக வைத்தது காரணத்தோடுதான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலை, இரண்டரை மணி நேரம். அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை, சமதரை, கரிசல், லாரிகள். ஆனால் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே உள்ள நாற்பது கிலோமீட்டர் இருக்கிறதே, அதுபோல் அடிக்கடி முகம் மாறும் சாலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதலில் உப்பளம், கூம்பு கூம்பாக உப்பு. கொஞ்ச தூரத்தில் தாமிரபரணி குறுக்கே வரும், உடனே வாழையும் நெல்லும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும். அந்தப் பச்சை முடிவதற்குள் ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு. அப்புறம் காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களும் குறுகலான தெருக்களும். அதைத் தாண்டினால் திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் உப்பு, ஆறு, வயல், கடல், கோபுரம். நாலு நாள்தான் இருக்கிறது என்றால் நிலம் இப்படி நெருங்கி இருப்பதுதான் முக்கியம்.

திருச்செந்தூரில் ஒரு எச்சரிக்கை. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சாலையின் இடப்பக்கம் முழுக்க நடந்து வருவார்கள், இரவிலும். அந்த நாட்களில் இருட்டிய பிறகு அந்தச் சாலையில் கார் ஓட்டாதீர்கள். வரிசையும் மணிக்கணக்கில் நிற்கும். நாங்கள் ஒரு முறை அம்மாவைக் கடலோரத்தில் உட்காரவைத்து, கோபுரத்தைக் கும்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார், ஆனால் அடுத்த இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

திருச்செந்தூருக்குத் தெற்கே போகும் சாலைதான் நான் சொன்ன ‘இறங்கும்’ கணக்கில் ஜெயிப்பது. குலசேகரப்பட்டினம் வரும், தசராவுக்கு வேஷம் கட்டி வரும் கூட்டத்தால் தெரிந்த ஊர், இப்போது ராக்கெட் ஏவுதளம் கட்டும் ஊர். அதை அடுத்து மணப்பாடு. மெயின் ரோட்டிலிருந்து சிறிது தூரம் உள்ளே போனால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்குன்று, அதன் உச்சியில் 1581ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். மேலே நின்றால் மூன்று பக்கமும் கடல். கீழே கருமேனியாறு கடலில் கலக்கும் கழி. பிரான்சிஸ் சவேரியார் 1542ல் வந்து தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே உண்டு, உள்ளே ஒரு கிணறு இருக்கிறது. ஊருக்குள் பழைய பரதவர் வீடுகள், மாடி வைத்த பெரிய வீடுகள், பாதி பூட்டிக் கிடக்கின்றன. செப்டம்பர் திருவிழாவைத் தவிர மற்ற நாளில் அங்கே ஒரு மணி நேரம் யாரும் குறுக்கே வராமல் உட்காரலாம். என் மனைவி கேட்ட ‘கூட்டமில்லாத ஊர்’ இதுதான்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்குவதை மறக்க வேண்டாம். நேரமிருந்தால் உள்நாட்டுப் பக்கம் திரும்பித் தேரிக்காட்டையும் பார்த்துவிடலாம். செக்கச்செவேல் என்று மணல்மேடு, பனையும் முந்திரியும், காற்று இரவோடு இரவாக மேட்டை நகர்த்திவிடும். காரைத் தார்ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். நான் ஒரு கடற்கரை ஊரில் மணலில் இறக்கி, முன்சக்கரம் அச்சு வரை புதைந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்னும் புதைத்தவன். வலை தட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வந்தார்கள். ‘சக்கரத்தச் சுத்தாதீங்க தம்பி, இன்னும் உள்ளதான் போகும். டயர்ல காத்தக் கொஞ்சம் இறக்குங்க’ என்றார் பெரியவர் ஒருவர். காற்றை இறக்கி, தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, ஐந்து நிமிஷத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. மகளுக்குக் கையில் ஒரு சங்கு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உவரியில் கப்பல் வடிவில் கட்டிய தேவாலயத்தைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். கூடங்குளம் தாண்டி அஞ்சுகிராமத்துப் பக்கம் வந்ததும் மேற்கே மலை எழும்பி நிற்கும். அதுவரை ஒரு மேடுகூட இல்லாத நிலத்தில் ஓட்டி வந்தவனுக்கு அது தனி சந்தோஷம். கன்னியாகுமரிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வட்டக்கோட்டை. திருவிதாங்கூர் காலத்துக் கருங்கல் கோட்டை, மதில் நேராகக் கடலில் இறங்குகிறது. மேலே புல்தரை, நல்ல காற்று. கன்னியாகுமரியின் கூட்டத்துக்குள் நுழையும் முன் மூச்சு வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

கன்னியாகுமரி பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து படகு வரிசை இன்னும் நீண்டுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள்; கரையிலிருந்தே 133 அடிச் சிலை நன்றாகத் தெரிகிறது. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உதயம், அஸ்தமனம் இரண்டையுமே கடலில் பார்க்கலாம். அவ்வளவு போதும். தங்குவதை நாகர்கோவிலில் வைத்துக்கொள்ளுங்கள், இருபது கிலோமீட்டர்தான். இரண்டு ஊருக்கும் நடுவே சுசீந்திரம். அம்மாவுக்குத் திருச்செந்தூரில் கிடைக்காத நிதானமான தரிசனம் அங்கே கிடைத்தது.

நாகர்கோவிலில் இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழு நாள் நாஞ்சில் நாட்டுக்குக் கிடைக்கும். இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் தெற்குச் சுற்றுக்கு ஓட்டுப் போடுகிறேன். டெல்டாவில் அறுப்பு நடக்கிற அதே வாரத்தில் இங்கே கும்பப்பூ என்கிற நெற்பயிர் இன்னும் பச்சையாக நிற்கும், அறுவடை மாசியில்தான். வயலுக்குப் பின்னால் தென்னை, தென்னைக்குப் பின்னால் மலை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் இருப்பது. தேக்கு வேலைப்பாடும், கண்ணாடிபோல் வழுக்கும் கறுப்புத் தரையும் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். படிகள் செங்குத்து, அம்மா பாதியில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். பள்ளத்தாக்கின் மேல் 115 அடி உயரத்தில், 1966ல் கட்டி முடித்த பாசனக் கால்வாய். கால்வாயை ஒட்டியே நடந்து போகலாம், கீழே பறளியாறு. திற்பரப்பு அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டாலும் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் தையில் இலை சிவந்து உதிரும், அதற்காகவே ஒரு சுற்று போகலாம். சாயங்காலம் முட்டம், பாறையில் உட்கார்ந்து அஸ்தமனம். வழியில் மட்டிப்பழம், மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும்.

தெற்கிலும் குறை இருக்கிறது. குமரி மாவட்டத்து உள்ரோடுகள் குறுகல், இருபுறமும் வீட்டுச் சுவர், எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் என்ற என் நிபந்தனை அந்த மூன்றாம் நாளில் காப்பாற்றப்பட்டதே இல்லை.

தூரக் கணக்கைப் பார்த்தால் ராமேஸ்வரம் சுற்று 450 கிலோமீட்டர் அளவு, மற்ற இரண்டும் 650ஐ ஒட்டி. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், 2,800க்கும் 4,000 சொச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். டோல் தனி. இந்த 1,200 ரூபாயை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை. யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று சூரியன். ராமேஸ்வரத்துக்குக் காலையில் கிழக்கே போகிறோம், சாயங்காலம் மேற்கே திரும்புகிறோம், இரண்டு வேளையும் வெயில் கண்ணுக்கு நேரே. தஞ்சாவூரிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதே கதிதான். தெற்குச் சுற்று பெரும்பாலும் வடக்கு தெற்காக இருப்பதால் வெயில் பக்கவாட்டில் விழும். நாலாம் நாள் சாயங்காலம் தலைவலி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. இன்னொன்று, மூன்று சுற்றிலும் ஸ்டெப்னியில் காற்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரங்கட்டும் இடமெல்லாம் கருவேல முள். வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக் காற்று இரும்பை விடாது.

ஆக, இரண்டு நாள்தான் என்றால் ராமேஸ்வரம். ஆறு நாள், அதுவும் மார்கழியில் என்றால், யோசிக்காமல் டெல்டா. எங்களுடைய நாலு நாளுக்குத் தெற்குதான். கடலோரமாகப் போய் நாலுவழிச் சாலையில் திரும்புவது நல்லது. கடைசி நாளில் எல்லோரும் களைத்திருப்பார்கள், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே திருநெல்வேலி வழியாக நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம், வழியில் அல்வாவும் ஆயிற்று. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிறன்று அரண்மனை வரும்படி வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நாகர்கோவிலில் சனி, ஞாயிறு இரண்டு இரவுக்கும் அறை போட்டாயிற்று. வெள்ளி இரவு தூத்துக்குடியா திருச்செந்தூரா என்பதில்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் இன்னும் வழக்கு ஓடுகிறது. அவருக்கு முருகன், இவளுக்கு மக்ரூன்.